நாலாவது மூக்கு

பட்டம், அதற்கு மேல் ஒரு பட்டம், அதற்கும் மேல் ஆராய்ச்சிப் பட்டம், எழுத்துத் தேர்வு, நேர்காணல் எல்லாவற்றையும் தாண்டி வந்தபிறகு, கடைசியாக என் மூக்கைச் சோதிக்கப் போகிறார்கள் என்று சொன்னதும் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இதுக்கா இத்தனை வருஷம் படிச்ச? மோப்பம் பிடிக்கவா?"

"அரசு குடிநீர் ஆய்வகத்துல முதுநிலை விஞ்ஞானி வேலை. வாய மூடு."

"சரிங்க, முதுநிலை மோப்பம்."

அம்மா சிரிக்கவில்லை. அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள். நாள் முழுக்க அடுத்தவர் சட்டைக்கு நெஞ்சு நிமிர்த்திக் கொடுத்துவிட்டுத் தான் கூனிக்கொண்டு வீட்டுக்கு வருவாள். மகள் அரசாங்க நாற்காலியில் உட்காரப் போகிறாள் என்பதைத் தவிர அவள் காதில் வேறெதுவும் விழவில்லை. "மூக்கா இருந்தா என்ன, முதுகா இருந்தா என்ன. கேட்டதக் காட்டிட்டு வேலைய வாங்கிட்டு வா" என்றாள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, எரிச்சலோடு சொல்கிறேன். முதல் ஆள் என்றால் முன்னால் நடந்து முள்ளை ஒதுக்கி வைத்தவர் யாரும் கிடையாது என்று அர்த்தம். நேர்காணலுக்கு எந்தச் செருப்பு போடலாம் என்று கேட்கக்கூட ஆளில்லை. நான் தோற்றால் "நமக்கெல்லாம் எதுக்கு இது" என்று சொல்லத் தெரு முழுக்க ஆள் இருக்கிறது. இந்த வேலை எனக்குக் கிடைத்தே ஆகவேண்டும். அவ்வளவுதான்.

அன்று என் மடியில் அக்காவின் மகள் இருந்தாள். இன்னும் பல் முளைக்கவில்லை. சுண்டெலி என்று கூப்பிடுவோம். என் கழுத்து மடிப்பில் மூக்கை வைத்து அழுத்தினால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். வேறு யார் தோளிலும் அப்படிச் செய்யமாட்டாள். "கழுத்துல என்னடி ஒளிச்சு வெச்சிருக்க?" என்பாள் அக்கா, கொஞ்சம் பொறாமையோடு.

மூக்குச் சோதனை வேடிக்கையில்லை. தண்ணீரில் சில வாடைகளை எந்தக் கருவிக்கும் முன்னால் மனித மூக்கு பிடித்துவிடும். அதனால் ஆய்வகத்தில் வாடை அறை என்று ஒன்று உண்டு. நான்கு அதிகாரிகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து முகர்வார்கள். நாலு மூக்கும் ஒத்துப்போனால்தான் ஊருக்குப் போகும் தண்ணீர் 'நல்லது' என்று கையெழுத்தாகும். நாலாவது மூக்குக்காரர் ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய இடம்தான் நான் குறிவைத்தது. சில வாரம் பயிற்சி, பிறகு தகுதிச் சோதனை. தட்டு நிறையக் கண்ணாடிக் குடுவைகள் வைப்பார்கள். சிலவற்றில் வாடைக்கென்றே துளி மருந்து கலந்திருக்கும். சிலவற்றில் ஆய்வகமே தயாரித்த சுத்தத் தண்ணீர். அதற்கு ப்ளாங்க் என்று பெயர். மருந்தைத் தவறவிட்டால் மதிப்பெண் குறையும். ப்ளாங்க்கில் வாடை இருக்கிறது என்று எழுதினாலோ, ஆள் அவுட். இல்லாததை முகரும் மூக்கு துறைக்கு ஆகாது.

முதல் நாள் வாடை அறைக்குள் போனேன். சுவரெல்லாம் வெள்ளை ஓடு. ஜன்னல் கிடையாது. கதவு மூடும் ஓசைகூட ரப்பரில் அமுங்கிப் போனது. நடுவில் வெந்நீர்த் தொட்டி, அதில் கழுத்தளவு மூழ்கிய குடுவைகள், ஒவ்வொன்றின் வாயிலும் குழிவான சின்னக் கண்ணாடி மூடி. மேசையைச் சுற்றி மூன்று பேர். இயக்குநர், அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கிருமி மேடம்; தண்ணீரில் கிருமி பார்ப்பவர். மெஷின் சார், கருவிகளெல்லாம் அவர் பொறுப்பு.

"சென்ட், பவுடர், வாசனை சோப்பு எதுவும் ஆகாது" என்றார் கிருமி மேடம். "அப்புறம், வெளித் தண்ணி குடிக்கக்கூடாது."

"ஏன் மேடம்?"

"குழுவுல எல்லாரும் ஒரே தண்ணிதான் குடிப்போம். அப்பதான் நாலு மூக்கும் ஒரே அளவுல நிக்கும். பழைய வழக்கம்." என் முன்னால் ஒரு ஸ்டீல் பாட்டிலை வைத்தார். ப்ளாங்க் தண்ணீர்.

இயக்குநர் ஒரு குடுவையை எடுத்துச் சுழற்றி என்னிடம் நீட்டினார். "இது ப்ளாங்க்மா. ஒண்ணுமில்லாதது எப்படி இருக்கும்னு மூக்குக்கு முதல்ல காட்டிக்கோ."

மூடியை நகர்த்தி முகர்ந்தேன்.

ஈரத் தலை. யாருடையதோ தலை. ரொம்ப நாள் கழுவாமல், நனைந்து, காயாமலே முடிந்து வைத்த கூந்தல். அது குடுவைக்குள்ளிருந்து வந்த மாதிரி இல்லை. எனக்குப் பின்னால் ஒருத்தி நின்று, நான் என்ன செய்கிறேன் என்று என் தோளுக்கு மேல் குனிந்து பார்க்கிற மாதிரி இருந்தது. கழுத்து மயிர் சிலிர்த்தது. திரும்பிப் பார்த்தேன். வெள்ளை ஓடு.

"என்னம்மா?"

"சார், இதுல வாடை இருக்கு."

மூவரும் வாங்கி முகர்ந்தார்கள். தலையை இடது பக்கம் கொஞ்சம் சாய்த்து, கண்ணைப் பாதி மூடி, மூவரும் ஒரே மாதிரி. பிறகு ஒரே மாதிரி உதட்டைப் பிதுக்கினார்கள்.

"இது ப்ளாங்க்மா" என்றார் இயக்குநர் அன்பாக. "ப்ளாங்க்ல ஒண்ணும் இருக்காது."

"ஏன் சார் இருக்காது?"

"அது ப்ளாங்க் ஆச்சே."

படித்த மனிதர். வெளிநாட்டுப் பட்டமெல்லாம் சுவரில் தொங்குகிறது. இந்தப் பதிலை என் அக்கா சொல்லியிருந்தால் அறைந்திருப்பேன்.

ப்ளாங்க் தயாராகும் இடத்தைப் போய்ப் பார்த்தேன். மாடிக்குப் போகும் படிக்கட்டின் கீழே ஓர் இருட்டு மூலை. குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்து, ஆள் உயரக் கண்ணாடிக் குழலில் நிரப்பிய கரி வழியாக விடுகிறார்கள். வாடை இருந்தால் கரி உறிஞ்சிவிடும். குடுவை கழுவும் அண்ணன்தான் அதற்கும் காவல்.

"அண்ணே, கரிய எப்ப மாத்துவீங்க?"

"வாடை வந்தா மாத்தணும்மா. அதான் விதி."

"கடைசியா எப்ப மாத்தினீங்க?"

அவர் முகம் மலர்ந்தது. "நான் வேலைக்குச் சேர்ந்ததிலேருந்து வாடையே வந்ததில்ல. நம்ம கரி அப்படி!"

அவர் மெலிந்த தலைமயிர் நரைத்துவிட்டிருந்தது. அவர் குனிந்து குழாயைத் திருகும்போது, அந்தத் தலையிலிருந்தே அது வந்தது. ஈரம். முடிந்து வைத்த ஈரம். ஒரு படி பின்னால் ஏறி நின்றேன்.

அதன்பிறகு எங்கும் அதுதான். லிஃப்டில் கிருமி மேடத்தோடு ஏறினால் பெட்டிக்குள் ஐந்தாறு ஈரத் தலைகள். மெஷின் சார் கைகொடுத்தால் என் உள்ளங்கையில். இயக்குநரின் அறை நாற்காலி உறையில். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. எல்லோரும் பளிச்சென்று குளித்து, இஸ்திரி மடிப்பு கலையாமல், ஒருவரை ஒருவர் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டு நடமாடினார்கள். அந்தக் கட்டடத்தில் வாடை அடிக்காதவள் நான் ஒருத்திதான். அதனாலேயே நான்தான் ஏதோ கோளாறு மாதிரி இருந்தேன்.

எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை என்று எனக்கே நிரூபிக்க வேண்டியிருந்தது. மருந்துக் கடைக்குப் போய், ஊசி மருந்தைக் கரைக்க வைத்திருக்கும் சுத்தத் தண்ணீர் ஆம்பூல் ஒரு பெட்டி வாங்கினேன். சுண்டுவிரல் பருமன் கண்ணாடிக் குப்பி, உருக்கி மூடியது, வெளிக்காற்றே படாதது. வீட்டில் ஒன்றின் கழுத்தை ஒடித்து முகர்ந்தேன்.

ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாதது இத்தனை இதமாக இருக்கும் என்று நினைத்ததே இல்லை. சுண்டெலியின் உதட்டில் ஒரு துளி வைத்தேன். சப்புக்கொட்டினாள்.

இன்னொரு ஆம்பூலை மெஷின் சாரிடம் கொண்டுபோய்க் கருவியில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே போட்டார். திரையில் கோடு கீழே, பூஜ்யத்துக்கும் கீழே இறங்கியது.

"பாத்தியாம்மா, நெகட்டிவ். உன் ஆம்பூல்ல ஏதோ கோளாறு."

"கோளாறு ஆம்பூல்ல இல்ல சார். மெஷினுக்கு எது பூஜ்யம்னு எத வெச்சுச் சொல்லிக்கொடுத்தீங்க?"

"ப்ளாங்க்க வெச்சுதான். வேற எத வெக்கறது?"

"எந்தத் தண்ணியக் கொடுத்தாலும் அதுல இருந்து ப்ளாங்க்கக் கழிச்சுட்டுதான் மெஷின் கணக்கு சொல்லுது. ப்ளாங்க்லயே அது இருந்தா? ஊர்த் தண்ணியில எவ்வளவு இருந்தாலும் கழிஞ்சு போய்ப் பூஜ்யம்னுதானே காட்டும்?"

அவர் என்னையே பார்த்தார். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, ஏதோ புரிந்த மாதிரி அவர் கண்மணி அசைந்தது. பிறகு தலை இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. "இல்லாததவிட கம்மியா எதுவும் இருக்க முடியாதும்மா" என்று சொல்லிவிட்டு அந்தக் கோட்டைத் திரையிலிருந்து அழித்தார்.

அந்த வாரம்தான் எங்கள் தெருவுக்குக் குழாய் வந்தது. அதுவரை தெருமுனைக் கைபம்புதான். இப்போது பழைய ஊர்ப் பகுதிக்கும் ஆய்வகத்துக்கும் போகும் அதே நீர்த்தேக்கத்திலிருந்து எங்களுக்கும் இணைப்பு. சமையலறையில் குழாயைத் திருகியதும் தண்ணீர் கொட்டியது. அம்மா கை தட்டினாள், சின்னப் பெண் மாதிரி. இரண்டு கையையும் ஏந்திக் குடித்தாள். குடித்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"என்னடி இது, எவளோ தலைய நனைச்சுட்டு வந்து பக்கத்துல நிக்கற மாதிரி வாடை?"

ஆய்வகத்து வாடை பற்றி நான் வீட்டில் ஒரு சொல் சொல்லியிருக்கவில்லை. கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

சுண்டெலி அந்தத் தண்ணீரில் கலக்கிய பாலை வாயில் வைத்ததும் துப்பினாள். அக்கா காலையில் துணி ஆலைக்குப் போனால் மாலைதான் வருவாள், பகலெல்லாம் குழந்தைக்குப் பாட்டில் பால்தான். காய்ச்சிப் பார்த்தார்கள், சர்க்கரை போட்டார்கள். வாயை இறுக்கிக்கொண்டு கத்தினாள். நான் கேன் தண்ணீர் வாங்கிக் கலக்கிக் கொடுத்தேன். குடித்தாள். நானும் வீட்டில் கேன் தண்ணீர்தான் குடித்தேன்; குளிக்கவும் சமைக்கவும் மட்டும் குழாய்த் தண்ணீர். ஆய்வகத்தில் கிருமி மேடம் பார்க்கும்போது ஸ்டீல் பாட்டிலை வாயில் வைப்பேன், பார்க்காதபோது தொட்டியில் கொட்டுவேன்.

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா பொறுக்கவில்லை. ஒரு பாட்டிலில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, "உங்க ஆபீஸ்லயே கொடுத்துப் பாத்துடலாம்" என்று தானே நடந்து வந்து கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் அது வாடை அறையில் என் முன்னால் இருந்தது. மூன்று பேரும் தலையைச் சாய்த்தார்கள்.

"வாடை இல்லை" என்றார் இயக்குநர்.

"இல்லை."

"இல்லை."

"இருக்கு" என்றேன். "எங்க வீட்டுக் குழாயிலயும் இதேதான் வருது. எங்கம்மாவுக்கே தெரியுது. எங்க வீட்டுக் கைக்குழந்தைக்குத் தெரியுது. உங்களுக்கு மட்டும் எப்படி சார் தெரியல?"

"நீ இன்னும் பயிற்சியில இருக்கம்மா. உன் மூக்க இப்ப எண்ண முடியாது." அவர் குரலில் கோபமே இல்லை. எனக்கு அது பிடிக்கவே இல்லை. அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "புதுசா வர்ற எல்லாருக்கும் கொஞ்சநாள் இப்படித்தான். எனக்கும் இருந்துச்சு."

"உங்களுக்கும் இருந்துச்சா?"

"இருந்துச்சுன்னுதான் நினைக்கறேன்" என்றார். "என்ன வாடைன்னு ஞாபகம் இல்ல."

மற்ற இருவரும் தலையசைத்தார்கள். அவர்களுக்கும் ஞாபகம் இல்லை.

அப்போதே முடிவு செய்தேன். சோதனை நாளில் அவர்கள் மூன்று பேர் முன்னாலேயே ஆம்பூலை உடைத்து ஒரு குடுவையில் ஊற்றுவேன். பக்கத்தில் அவர்களுடைய ப்ளாங்க். இரண்டையும் அடுத்தடுத்து முகரச் சொல்வேன். எவ்வளவு செத்த மூக்காக இருந்தாலும் ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். தெரிந்தால் வேலையும் நமக்கு, நியாயமும் நமக்கு. தெரியாவிட்டால், ப்ளாங்க்கில் வாடை இருக்கிறது என்றே எழுதிவிட்டு வெளியே வருவேன். அம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பது அப்புறம்.

அதற்குள் வீட்டில் ஏதோ மாறிக்கொண்டிருந்தது. ஒருநாள் அம்மா குழாய்த் தண்ணீரை மடமடவென்று குடிப்பதைப் பார்த்தேன்.

"வாடை அடிக்கலையா?"

"என்ன வாடை?"

"ஈரத் தலைன்னு சொன்னியே."

"நானா சொன்னேன்?" அம்மா உண்மையாகவே யோசித்தாள். "போடி, நல்ல தண்ணியப் போய்."

தையல்காரம்மாவைக் கேட்டேன். ஆமாம், ஒரு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தேன், எதுக்குன்னு தெரியல, யாரோ கேட்டாங்க போல என்றார்.

சுண்டெலி மட்டும் மறக்கவில்லை. இப்போது என் அம்மா தோளில் அவள் சாய்வதுகூட இல்லை, அக்கா தோளிலும் இல்லை. தூக்கினால் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு அழுவாள். கீழே விட்டால் வாசல்படிப் பக்கம் தவழ்ந்து போய், காற்று வரும் இடத்தில் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொள்வாள். என் கழுத்து ஒன்றுதான் மிச்சம். வேலை முடிந்து வந்ததும் கேன் தண்ணீரில் துணியை நனைத்துக் கழுத்தை அழுந்தத் துடைத்துவிட்டுத்தான் அவளைத் தூக்குவேன்.

"கேன் தண்ணியில கழுத்துக் கழுவற மகாராணிய இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றாள் அக்கா.

"உன் புள்ள என்கிட்ட தூங்குதா இல்லையா?"

"தூங்குது, தூங்குது. எங்கிட்ட ஏன் வரமாட்டேங்குதுன்னுதான் தெரியல." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை. அவள் நெருங்கி நின்றபோது அது என் மூக்கில் பட்டது. முன்னைப் போல் அத்தனை பலமாக இல்லை. குறைந்திருக்கிறது, நல்லது என்று நினைத்துக்கொண்டேன். ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவள் நினைத்த நினைப்பைப் பாருங்கள்.

சோதனை நாள். பையில் ஆம்பூல்கள். வாடை அறையில் தட்டு தயாராக இருந்தது. மூன்று பேரும் சுவரோரம் உட்கார்ந்தார்கள். நான் முதல் குடுவையைச் சுழற்றி மூடியை நகர்த்தினேன். மருந்து, புல் வெட்டிய வாடை. எழுதினேன். இரண்டாவது, அழுகல். எழுதினேன். மூன்றாவது.

ஒன்றுமில்லை.

மறுபடி முகர்ந்தேன். பின்னால் யாரும் குனியவில்லை. தோள் லேசாக இருந்தது. நான்காவது குடுவை சேற்று வாடை, ஐந்தாவதில் மறுபடி ஒன்றுமில்லை. எனக்கு உள்ளுக்குள் குதிக்கவேண்டும் போல் இருந்தது. கரியை மாற்றிவிட்டார்கள்! நான் கேட்ட கேள்வி வேலை செய்திருக்கிறது. ஒப்புக்கொள்ளக் கௌரவம் தடுக்கிறது, சத்தமில்லாமல் மாற்றியிருக்கிறார்கள். மாற்றட்டுமே. எனக்கென்ன, நல்லதுதானே.

"கரிய மாத்திட்டீங்க போல சார்" என்றேன், பெருந்தன்மையோடு.

"இல்லையே" என்றார் இயக்குநர். "எதுக்கு மாத்தணும்?"

என் கை பைக்குள் போனது. ஆம்பூலை எடுத்தேன். "சார், ஒரே ஒரு குடுவை. இதையும் வெச்சுப் பாக்கணும். சீல் உடைக்காத ஊசித் தண்ணி. உங்க முன்னாலயே உடைக்கறேன்."

"தாராளமா" என்றார்.

உடைத்தேன். கழுவிக் காயவைத்த குடுவையில் ஊற்றி, வெந்நீரில் கொஞ்சநேரம் வைத்துச் சூடேற்றினேன். இயக்குநர் முதலில் வாங்கினார். மூடியை நகர்த்தியதும் தலை படக்கென்று பின்னால் போனது.

"அடேங்கப்பா! என்னம்மா இது?"

கிருமி மேடம் முகர்ந்துவிட்டுப் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினார். மெஷின் சார், "இதத்தான் என் மெஷின்ல போட்டியா, பாவி" என்றார்.

நடிக்கிறார்கள். மூன்று பேரும் பேசி வைத்துக்கொண்டு நடிக்கிறார்கள். குடுவையைப் பிடுங்கி என் மூக்கில் வைத்தேன்.

நடிக்கவில்லை.

எப்படிச் சொல்வது? அழுகலில்லை, மருந்தில்லை. பல வருஷம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் முகத்தில் அறையுமே, அது. ஒரு மனித மூச்சுகூடப் பட்டிராத இடத்தின் வாடை. பின்னால் யாரும் இல்லை, முன்னால் யாரும் இல்லை, எங்குமே யாருமில்லை என்பது மூக்கின் வழியாக உள்ளே இறங்கியது. குடுவையைத் தள்ளிப் பிடித்தேன். வீட்டில் உடைத்த முதல் ஆம்பூலும் இதே பெட்டியிலிருந்து எடுத்ததுதான். இதமாக இருந்தது என்பது ஞாபகம் இருந்தது. இதம் எப்படி இருந்தது என்பது ஞாபகம் இல்லை.

இன்னொன்றை உடைத்தேன். அதிலும் அதே.

"சார், இதுல தண்ணியத் தவிர ஒண்ணுமே இல்ல. இதான் சுத்தம். நாத்தம் அங்க இருக்கு. அந்த ப்ளாங்க்ல இருக்கு. எனக்குத் தெரியும்."

"தெரியுமா, வாடை வருதா?"

மூன்றாவது குடுவையை எடுத்து மறுபடி முகர்ந்தேன். ஒன்றுமில்லை.

"மூக்கு சொன்னத எழுதும்மா" என்றார், அன்பாக, எத்தனையோ பேருக்குச் சொல்லிப் பழகிய அன்பு. "தெரிஞ்சத எழுதக்கூடாது. தெரிஞ்சதத்தான் எழுதணும்னா அப்புறம் மூக்கு எதுக்கு? நாலு மூக்கும் ஒரே மாதிரி சொல்லுதே, நாலும் பொய்யா?"

நாலு. அவர் நாலு என்று எண்ணினார்.

ப்ளாங்க்கில் வாடை இருக்கிறது என்று எழுதினால் அது பொய். என் மூக்குக்கு அங்கே எதுவும் இல்லை. இல்லை என்று எழுதினால் அதுவும் பொய். எனக்குத் தெரியும். எத்தனையோ வருஷம் மேசை விளக்கில் கண் எரியப் படித்தேன், கண்டதை மட்டும் எழுது, எதிர்பார்த்ததை எழுதாதே என்று. சொல்லிக்கொடுத்த எல்லோர் மேலும் அந்த நிமிஷம் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முகரவா முடியும்?

பேனாவை எடுத்தேன். மூன்றாவது குடுவை: வாடை இல்லை. ஐந்தாவது குடுவை: வாடை இல்லை. மிச்சத்தையும் எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டேன். ஒன்றுகூடத் தப்பில்லை என்று திருத்திவிட்டுக் கிருமி மேடம் என் முதுகில் தட்டினார். குடுவை கழுவும் அண்ணன் எட்டிப் பார்த்து, "மூக்கு ஒரே அளவுல நின்னுடுச்சாம்மா? எல்லாருக்கும் நின்னுடும்" என்றார். இயக்குநர் ஸ்டீல் பாட்டிலைத் திறந்து நீட்டினார். இந்தத் தரம் கொட்டவில்லை. குடித்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா உட்கார்ந்துவிட்டாள். அழுதாள், சிரித்தாள், முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள், எனக்கு வேர்க்கக்கூட இல்லை. "முதுநிலை மோப்பம் அவர்களே" என்று அக்கா கைகூப்பினாள். "தெருவுக்கே இனி நீதான் கதி. குழாயில தண்ணி வரலன்னா உன்னத்தான் பிடிப்பாங்க."

சுண்டெலி வாசல்படியில் படுத்திருந்தாள். கேன் தண்ணீரில் துணியை நனைத்தேன். கழுத்தைத் துடைத்தேன், இன்னொரு தரம், தோல் எரிகிற வரை துடைத்தேன். போய்க் குனிந்தேன். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கினாள். வாரி எடுத்துத் தோளில் சாய்த்தேன். வழக்கம்போல் என் கழுத்து மடிப்பில் மூக்கைக் கொண்டுவந்து வைத்தாள்.

அவள் உடம்பு கட்டையாக விறைத்தது. சின்ன உள்ளங்கை இரண்டும் என் நெஞ்சைத் தள்ளின. தலையைத் திருப்பி, எனக்குப் பின்னால் யாரையோ பார்ப்பவள்போல என் தோளுக்கு மேலே பார்த்து வீறிட்டாள்.

"என்னடி, உங்கிட்டயுமா?" அக்கா ஓடிவந்தாள்.

என் கையை முகர்ந்தேன். சட்டைக் கையை முகர்ந்தேன். சோப்பு. வெறும் சோப்பு. "அம்மா, என்மேல ஏதாவது வாடை வருதா?"

அம்மா கிட்டே வந்து, என் தலைமயிரில் மூக்கை வைத்து, கண்ணைப் பாதி மூடி நிதானமாக முகர்ந்தாள். தலை இடது பக்கம் சாய்ந்திருந்தது. "ஒண்ணும் இல்லையேம்மா."

பையில் மிச்சமிருந்த ஆம்பூலை உடைத்தேன். வாடை தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு துளியை விரலில் எடுத்துச் சுண்டெலியின் உதட்டில் வைத்தேன். அழுகை நின்றது. சப்புக்கொட்டினாள். இன்னும் வேண்டுமென்று விரலைத் தேடினாள், என் முகத்தைப் பார்க்காமல்.

"ஐயே, என்ன கருமத்தடி குழந்தை வாயில வெக்கற? இப்படி நாறுது!" அக்கா அவளைப் பிடுங்கிக்கொண்டாள். மறுகையில் பாட்டில் தயாராக இருந்தது, குழாய்த் தண்ணீரில் கலக்கியது. "கேன் வாங்கிப் பழக்கிவிட்டது நீதான். இனிமே இதுதான் குடிக்கணும். ரெண்டு நாள் பட்டினி கிடந்தா தானா பழகிடும்."

"அந்தப் பால கொட்டு."

"ஏன்?"

"கொட்டுன்னா கொட்டுக்கா. அந்தத் தண்ணி சரியில்ல."

"இன்னிக்குக் கையெழுத்துப் போட்டுட்டு வந்தவளே நீதானே?" அக்கா குழாயைத் திருகி ஒரு டம்ளர் பிடித்து என்னிடம் நீட்டினாள். "இந்தா, நீயே குடிச்சுப் பாத்துச் சொல்லு. பெரிய ஆபீசர்."

சுண்டெலி அவள் இடுப்பில் வில்லாக வளைந்து, வாசல் பக்கம் கையை நீட்டி அழுதுகொண்டிருந்தாள். நான் டம்ளரை வாங்கினேன்.

குடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.